கல்யாண தீர்த்தத்துக்கு ஒரு நடை

மலைக்குப் போவது என்றவுடன் நம்மவர்களில் பலருக்கு உதகமண்டலமும் கொடைக்கானலுமே நினைவுக்கு வருகின்றன. கம்பளிச் சட்டை, தங்கும் விடுதி, படகு, குதிரை எல்லாவற்றுக்கும் பணம் கட்டிவிட்டு, ஊர் திரும்பியதும், "நல்ல குளிர்!" என்று ஒரே வாக்கியத்தில் பிரயாணத்தை முடித்து விடுகிறோம். உபாத்தியாயர் வேலை பார்த்துக் குடும்பம் நடத்தும் நம்மைப் போன்றவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் சற்று விலை அதிகம். ஆகையால், திருநெல்வேலியிலிருந்து ஒரே பகலில் போய்த் திரும்பக் கூடியதும், எழுபது வயது அன்னையாரும் ஒன்பது வயதுச் சிறுவனும் ஒருங்கே நடக்கக் கூடியதுமான மலைவழி ஒன்று உண்டா என்று யோசித்தோம். வெகு தூரம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. நம் வீட்டுக் குழாயில் வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அங்கே போனால் போதும் என்று தெரிந்தது.

அங்கே போக நமக்கு இன்னொரு காரணமும் இருந்தது. அதை முதலில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால், "விடுமுறை நாளிலும் பாடமா?" என்று வீட்டில் கலகம் பிறக்கும் என்ற அச்சந்தான்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், செங்கோட்டை செல்லும் காலை ரயிலில் ஏறினோம். கோஷ்டியில் ஐவர்: அன்னையார், நம் சகதர்மிணி, பதினான்கு வயதுப் பெண், ஒன்பது வயதுப் பையன், நாம். ஆறாவது ஆள் என்று சொல்லத் தக்கது ஒரு பெரிய தூக்குச் சட்டி. அதில் இட்லியும் மிளகாய்ப் பொடியும் அடங்கியிருந்தன. இன்னொரு பாத்திரத்தில் புளிச் சாதம். மலையில் பிளாஸ்டிக் பை ஆகாது என்பதால் இலைக்கட்டு ஒன்றும் உடன் வந்தது. அதைச் சுமக்கும் பொறுப்பு குடும்பத் தலைவருக்கு அளிக்கப்பட்டது.

பேட்டையைத் தாண்டியதும் இரு புறமும் பச்சை விரிந்தது. தாமிரபருணியின் பெருமையைச் சொல்லப் புராணம் வேண்டியதில்லை. தை மாதத்தில் இந்த ரயிலில் ஜன்னலோரம் ஓர் இடம் கிடைத்தால் போதும். தமிழ்நாட்டு ஆறுகளில் பல, வருஷத்தில் பாதி நாள் மணலாகக் கிடக்கின்றன. பொதிகையில் பிறக்கும் இந்த ஆறோ தென்மேற்குப் பருவ மழையையும் வாங்கிக் கொள்கிறது. வடகிழக்குப் பருவ மழையையும் விடுவதில்லை. ஆகவேதான் இங்கே காரும் பிசானமும் என்று இரு போகம். வழி நெடுக எட்டு அணைக்கட்டுகள் அதன் நீரைத் தேக்கிக் கால்வாய்களில் திருப்பி விடுகின்றன. மிச்சத்தைத்தான் ஆறு புன்னைக்காயல் அருகே கடலுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கிறது.

ரயில் சேரன்மாதேவியில் நின்றது. நாம் மறைத்து வைத்திருந்த பாடத்தை இங்கே அவிழ்க்க வேண்டியதாயிற்று.

"இந்த ஊரில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது," என்று தொடங்கினோம்.

"எல்லா ஊரிலேயும் இருக்கும்," என்றான் பையன்.

"இது வேறு மாதிரிப் பள்ளிக்கூடம்" என்று சொல்லி, வரகனேரி வேங்கடேச சுப்பிரமணிய ஐயரின் கதையை ஆரம்பித்தோம். 1881-இல் திருச்சிராப்பள்ளியை அடுத்த வரகனேரியில் பிறந்தவர். பாரிஸ்டர் படிப்புக்காக லண்டனுக்குப் போனவர், அங்கே சாவர்க்கர் முதலியோருடன் சேர்ந்து தேச விடுதலைக் காரியத்தில் இறங்கி விட்டார். 1910-இல் போலீஸார் கண்ணில் மண்ணைத் தூவி, சீக்கியர் வேஷத்தில் தப்பிப் புதுச்சேரி வந்து சேர்ந்தார். இந்த இடத்தில் நம் பையன் இட்லியை மறந்து வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தான். புதுச்சேரியில் பாரதியாரோடும் அரவிந்தரோடும் பழகிய காலத்திலேயே திருக்குறளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1916-இல் வெளியிட்டார். கம்பனைப் பற்றி அவர் ஆங்கிலத்தில் எழுதிய ஆராய்ச்சி பல்லாரிச் சிறையில் உருவானது. 'குளத்தங்கரை அரசமரம்' என்ற அவருடைய கதையைத் தமிழ்ச் சிறுகதையின் தொடக்கங்களில் ஒன்றாக இன்றும் எண்ணுகிறார்கள். துப்பாக்கி பிடிக்கப் பழகிய கை பேனாவைப் பிடித்தது. பின்பு காந்தியடிகளின் வழிக்கு வந்து, சிறுவர்களுக்குக் கல்வியும் கைத்தொழிலும் தேகப் பயிற்சியும் சேர்த்துக் கற்பிக்க இந்தச் சேரன்மாதேவியில் ஒரு குருகுலம் நடத்தியது.

இவ்வளவோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதிச் சரித்திரம் சொல்லும் உபாத்தியாயன் பொய் சொல்லுகிறவனுக்கு அடுத்த வீட்டுக்காரன். எனவே மற்றப் பாதியையும் சொன்னோம். பொதுமக்கள் நன்கொடையும் காங்கிரஸின் பொருளுதவியும் பெற்று நடந்த அந்தக் குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவர் மட்டும் தனியே உண்ணுவதற்கு இடம் கொடுக்கப்பட்டது. இது தெரிந்ததும் 1924-25-ஆம் ஆண்டுகளில் நாடெங்கும் கொந்தளிப்பு எழுந்தது. டாக்டர் வரதராஜுலு நாயுடுவும், ஈ. வெ. ராமசாமிப் பெரியாரும், "தேசத்தின் பணத்தில் நடக்கும் பள்ளியில் பிள்ளைகளுக்குள் பேதம் என்ன?" என்று கேட்டார்கள். அதன் எதிரொலி இந்நாட்டு அரசியலில் பல்லாண்டுகள் கேட்டது. ஐயர் குருகுலத் தலைமையிலிருந்து விலகினார்.

பெண் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக் கொண்டிருந்தாள். பிறகு திரும்பி, "அவர் செஞ்சது தப்புதானே அப்பா?" என்று கேட்டாள்.

வகுப்பில் இப்படிக் கேள்வி வந்தால், "அக்காலத்துச் சூழ்நிலையை நோக்குமிடத்து..." என்று தொடங்கி மணி அடிக்கும்வரை பேசிவிடலாம். ரயிலில் மணி நம் கையில் இல்லை. "ஆமாம், தப்புதான். கேட்டவர்கள் கேட்டது நியாயம்," என்றோம்.

"அப்புறம் ஏன் அவரைப் பத்தி எங்களுக்குச் சொல்லுதீங்க?"

"மீதிக் கதை மலையில் இருக்கிறது. அங்கே போய்ச் சொல்லுகிறோம்."

அன்னையார் இவ்வளவு நேரமும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தூங்குகிறார் என்றே நினைத்தோம். "தனியா இலை போட்ட காலம் எனக்கும் தெரியும்," என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.

அப்பளத்துக்குப் பேர் போன கல்லிடைக்குறிச்சியைக் கடந்ததும் ரயில் பாலத்தின்மேல் ஏறி ஆற்றைத் தாண்டுகிறது. எதிர்க் கரையில் அம்பாசமுத்திரம். அங்கே இறங்கிப் பஸ் ஏறினோம். வழியில் விக்கிரமசிங்கபுரம். மலையிலிருந்து விழும் தண்ணீரின் வலிமையைக் கண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஹார்வி கம்பெனியார் பஞ்சாலை வைத்த இடம் இது. அதற்கப்பால் பொதிகை கண்ணெதிரே எழுந்து நிற்கிறது. தூரத்தில் நீலமாகத் தெரிந்த மலை கிட்ட வரவரப் பச்சையாகி, இன்னும் கிட்ட வந்ததும் மரம் மரமாகப் பிரிந்து காட்டியது. அகத்தியர் மலை என்னும் சிகரம் 1,868 மீட்டர் உயரம். அன்று அது மேகத்துக்குள் போய் உட்கார்ந்து கொண்டு முகம் காட்ட மறுத்துவிட்டது.

பாபநாசத்தில் ஆறு மலையை விட்டுச் சமவெளிக்கு வருகிறது. அதன் கரையிலே பாபநாசநாதர், உலகம்மை கோயில். நவ கைலாயம் எனப்படும் ஒன்பது ஸ்தலங்களில் இது முதலாவது. நாம் தாண்டி வந்த சேரன்மாதேவி இரண்டாவது. கோயிலுக்கு எதிரே படித்துறையில் இறங்கினால், மீன்கள் கூட்டங் கூட்டமாகக் காலருகே வருகின்றன. பையன் ஒரு கைப்பிடி பொரியை வீசினான். தண்ணீர் கொதிப்பதுபோல் ஆயிற்று. இந்த மீன்களைப் பிடிப்பதில்லை, போடுவதுதான் வழக்கம். மனிதனைக் கண்டு ஓடாத மீனைப் பார்ப்பதில் ஒரு தனி ஆனந்தம் உண்டு. நம்மைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருக்கும் பிராணிகள் உலகில் அதிகம் இல்லை அல்லவா?

ஆனால் அதே படித்துறையில் இன்னொரு காட்சியும் கண்டோம். ஸ்நானம் செய்தவர்கள், உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுப் போகிறார்கள். பாவம் துணியோடு போய்விடும் என்பது நம்பிக்கை. துணி எங்கே போகிறது? கல்லிலும் வேரிலும் சிக்கி அங்கேயே அழுகுகிறது. தொண்டர்களும் ஊழியர்களும் அவ்வப்போது குவியல் குவியலாக வாரி எடுக்கிறார்கள். மறுபடியும் சேர்ந்து விடுகிறது. நம்முடைய பாவத்தைக் கரையில் நின்று பிறர் பொறுக்க வேண்டுமென்றால் அது நாசமாவது எப்படி? இந்தத் தண்ணீரைத்தான் கீழே இரண்டு ஜில்லாக்கள் குடிக்கின்றன. நம் சகதர்மிணி ஈரத் துணிகளைப் பிழிந்து பைக்குள் வைத்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்த அம்மாள் ஒருத்தி அதைப் பார்த்துத் தன் துணியையும் எடுத்துக்கொண்டாள். பிரசங்கம் எதுவும் நடக்கவில்லை.

மண்டபத்து நிழலில் தூக்குச் சட்டியைத் திறந்தோம். அருகில் சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பேரப் பிள்ளைகளோடு வந்திருந்த ஒரு கிழவர், பிள்ளைகளுக்கு ரொட்டித் துண்டுகளைப் பங்கு வைத்துக் கொண்டிருந்தார். இட்லியின் வாசனை அந்தப் பிள்ளைகளை எட்டிவிட்டது என்பது அவர்கள் முகத்தில் தெரிந்தது. அன்னையார் நம்மைப் பார்த்து, "எல்லாத்துக்கும் இலை போடு, ஒரே வரிசையாப் போடு," என்றார். போட்டோம். கிழவர் தம் மடியிலிருந்த மாங்காய் ஊறுகாய்ப் பொட்டலத்தை அவிழ்த்து வரிசை முழுவதற்கும் வைத்தார். அன்னையார் அதைத் தொட்டு நாக்கில் வைத்து, "உப்பு நல்லாப் பிடிச்சிருக்கு," என்று சான்றளித்தார். என்ன ஊர் என்று கேட்டார்கள். என்ன ஜாதி என்று யாரும் கேட்கவில்லை. பெண் பாட்டியை ஒரு தடவை பார்த்தாள். நம்மை ஒரு தடவை பார்த்தாள்.

அங்கிருந்து அகத்தியர் அருவிக்கு ஆட்டோவில் போனோம். நடுவில் வனத்துறைச் சாவடி. களக்காடு முண்டந்துறைக் காடு 1988-இல் புலிகள் காப்பகமாயிற்று. தமிழ்நாட்டில் அப்பெயர் பெற்ற முதற் காடு இதுதான். சாவடியில் நம் பைகளைச் சோதித்தார்கள். தூக்குச் சட்டியைக் கண்ட காவலர் முகத்தில் திருப்தி தோன்றியது.

அருவியின் ஓசை முதலில் கேட்கிறது. பிறகு குளிர்ந்த காற்று வருகிறது. அருவி கடைசியில்தான் வருகிறது. குற்றாலத்தில் சாரல் ஓய்ந்தால் பாறை மட்டும் மிஞ்சும். இங்கே அப்படியன்று, வருஷம் முழுவதும் தண்ணீர் உண்டு. மேலே, காரையாற்றில் ஓர் அணை கட்டி, 1944-இல் மின்சாரம் எடுக்கத் தொடங்கினார்கள். அந்தப் பாபநாசம் அணையின் முழு மட்டம் 143 அடி. திருநெல்வேலி ஜில்லாவில் பத்திரிகை படிக்கும் குடும்பங்களில் பிள்ளையின் பரீட்சை மார்க்குக்கு அடுத்தபடி கவலையோடு விசாரிக்கப்படும் எண், அணையின் அன்றைய மட்டந்தான்.

"இப்பவே குளிப்போம்!" என்றான் பையன். "ஏறி இறங்கின பிறகுதான் குளியல்," என்று தீர்ப்பளித்து, துண்டை அவன் தோளிலேயே போட்டு, படியேறத் தொடங்கினோம். அருவிக்கு மேலே கல்யாண தீர்த்தத்துக்குப் படிகள் போகின்றன. உயரம் அதிகமில்லை, ஆனால் செங்குத்து. ஆளுக்கொரு பக்கமாகப் படிகளை எண்ணிக்கொண்டு போனோம். நடுவே ஒரு குரங்கு வந்து பையனுடைய பையைப் பரிசீலனை செய்ததில் எல்லோருடைய கணக்கும் குழம்பிவிட்டது. மேலே போனதும் ஐந்து பேரும் ஐந்து எண்ணைச் சொன்னோம். அன்னையார் சொன்னதே எல்லாவற்றிலும் பெரியது. முழங்காலுக்குக் கணக்கு வேறு போலும்.

ஏறும்போது ஆறு ஒரு நேரம் காதுக்கு அருகில் வருகிறது. ஒரு நேரம் மரங்களுக்குள் மறைகிறது. நின்று நின்று ஏறுவதில் ஒரு நன்மை: நிற்கும்போதெல்லாம் கண்ணுக்கு வேலை கிடைக்கிறது. கீழே, வந்த வழியே சமவெளி விரிந்து கிடந்தது. வயல்கள் பச்சைச் சதுரங்களாகவும், கால்வாய்கள் வெள்ளிக் கோடுகளாகவும், பஞ்சாலையின் கூரை ஒரு தீப்பெட்டி போலவும் தெரிந்தன. பூகோளப் புத்தகத்தில் பதினைந்து வருஷமாக, 'மலையடிவாரச் சமவெளி' என்று நாம் நடத்தி வந்த பாடத்துக்கு அன்றுதான் நமக்கே பொருள் விளங்கியது.

கல்யாண தீர்த்தம் என்பது பாறைகளுக்கிடையே ஒரு மடு. மேலிருந்து ஆறு இரைந்துகொண்டு வந்து அதில் விழுகிறது. விழுந்த இடத்தில் வெண்மை, சற்று விலகினால் பச்சை, அதற்கப்பால் கறுப்பு. அந்தக் கறுப்புத்தான் ஆழம். நம் ஜில்லாவில் இதைக் 'கசம்' என்பார்கள். கரையில் அகத்தியருக்கும் லோபாமுத்திரைக்கும் கோயில் இருக்கிறது. கயிலையில் பார்வதி கல்யாணத்தைக் காண உலகமே திரண்டு போனதால் வடக்கு தாழ்ந்து தெற்கு உயர்ந்ததாம். சமன் செய்வதற்காக அகத்தியர் தெற்கே அனுப்பப்பட்டார். கல்யாணத்துக்கு இருக்க முடியவில்லையே என்று வருந்தியவருக்கு இறைவன் இங்கேயே மணக்கோலம் காட்டினான் என்பது புராணம். சித்திரை விசு அன்று பாபநாசம் கோயிலில் அக்காட்சியைத் திருவிழாவாக நடத்துகிறார்கள்.

தண்ணீரில் இறங்கக் கூடாது என்று அறிவிப்பு இருந்தது. நாமும் இறங்கவில்லை. பாறையில் உட்கார்ந்து, மீதிக் கதையைத் தொடங்குவதற்காகத் தொண்டையைக் கனைத்துக் கொண்டோம். பிறந்த வருஷம், மறைந்த வருஷம், எழுதிய நூல்கள் என்று வகுப்புக்குப் போவதுபோலவே வரிசையாக மனத்தில் வைத்திருந்தோம்.

அப்போது ஒரு காற்று வந்தது. பையன் தோளிலிருந்த துண்டு பறந்து, கீழே தண்ணீரோரப் பாறையில் போய்ப் படிந்தது.

"நான் எடுத்துட்டு வாரேன்!" என்றாள் பெண்.

வேண்டாம் என்று நாம் வாய் திறப்பதற்குள் இரண்டு பாறைகளைத் தாண்டிவிட்டாள். மூன்றாவது பாறை ஈரம். அதில் பாசி. அவள் கால் வழுக்கியது. ஒரு கை காற்றில் எதையோ பிடிக்கப் பார்த்தது. அப்படியே உட்கார்ந்த நிலையில் ஒரு முழம், இரண்டு முழம் சறுக்கி, ஒரு பிளவில் குதிகால் முட்டி நின்றாள். அவளுக்கும் அந்தக் கறுப்புத் தண்ணீருக்கும் இடையே ஒரு பாய் அகலம்கூட இல்லை.

இவ்வளவையும் வரிசையாக எழுதுகிறோமே தவிர, நடந்தபோது வரிசை ஒன்றும் இல்லை. நாம் எப்போது எழுந்தோம், எப்படி இறங்கினோம் என்பது இன்றுவரை ஞாபகத்தில் வரவில்லை. ஞாபகம் வரும்போது, அவளுடைய மணிக்கட்டு நம் கையில் இருந்தது, நம்முடைய முழங்காலிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது, மூக்குக்கண்ணாடி காணவில்லை. மேலே அன்னையார், "துண்டு போனாப் போகட்டும் ஏட்டி! துண்டு போனாப் போகட்டும்!" என்று சொன்னதையே சொல்லிக் கொண்டிருந்தார். சகதர்மிணி ஒன்றும் சொல்லவில்லை. பையனை இரண்டு கைகளாலும் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மேலே வந்து உட்கார்ந்தோம். வெகு நேரம் யாரும் பேசவில்லை. அருவி மட்டும் பேசிக்கொண்டிருந்தது.

பிறகு, "மீதிக் கதை?" என்று பையன் மெல்லக் கேட்டான்.

வருஷங்களும் நூல்களும் நம் மனத்தை விட்டுப் போயிருந்தன. எஞ்சியது இவ்வளவே: "1925-ஆம் வருஷம் ஜூன் மாதம், ஐயர் தம் மகள் சுபத்திரையுடனும் குருகுலத்துப் பிள்ளைகளுடனும் இங்கே வந்தார். இந்த நீரில் சுபத்திரை சிக்கிக்கொண்டாள். அவளைக் காப்பாற்றத் தகப்பனார் குதித்தார். இரண்டு பேரும் திரும்பி வரவில்லை."

அதற்குமேல் சொல்ல நமக்குக் குரல் எழவில்லை. ஏகாதிபத்தியத்தின் போலீஸுக்குத் தப்பியவர். கண்டத்துக்குக் கண்டம் வேஷம் மாறி வந்தவர். சிறையில் கம்பனைப் படித்தவர். தேசமே எதிர்த்துக் கேட்ட கேள்விக்கு நடுவே நின்றவர். அத்தனையும் அந்த ஒரு கணத்தில் அவரை விட்டு உதிர்ந்திருக்கும். அப்போது அவர் ஒரு பெண் குழந்தையின் தகப்பனார்; வேறொன்றுமில்லை. வயது 44. நமக்கு அதைவிட ஒன்று அதிகம். எத்தனையோ முறை இந்த மரணத்தை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். 'பரிதாபகரமான முடிவு' என்று கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறோம். அந்தச் சொற்களுக்குக் கீழே இருந்த தண்ணீரை அன்றுதான் பார்த்தோம்.

பெண் நம் முழங்காலில் தன் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமலே கேட்டாள்: "உங்களுக்குத்தான் நீச்சல் தெரியாதே அப்பா. நான் விழுந்திருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

பதில் எல்லோருக்கும் தெரியும். குதித்திருப்போம். குதித்து என்ன பயன்? ஒன்றுமில்லை. கணக்கு ஒன்றுக்கு இரண்டாகியிருக்கும். ஆற்றங்கரை ஜில்லாவிலே பிறந்து, ஆற்றுத் தண்ணீரைக் குடித்து வளர்ந்து, பட்டமும் பெற்று, நாற்பத்தைந்து வயதுவரை நீந்தக் கற்றுக்கொள்ளவில்லை. குழந்தைகளுக்கும் கற்றுக் கொடுக்க ஏற்பாடு செய்யவில்லை. பாட்டு வகுப்புக்கு அனுப்பினோம். கம்ப்யூட்டர் வகுப்புக்கு அனுப்பினோம். "ஆத்துப் பக்கம் போகாதே," என்ற எச்சரிக்கை ஒன்றையே நீச்சலுக்குப் பதிலாகக் கொடுத்து வந்தோம். பிள்ளைகளுக்காக உயிரைக் கொடுக்க எந்தத் தகப்பனும் தயார். ஞாயிற்றுக்கிழமைக் காலையில் ஒரு மணி நேரம் கொடுப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

"சித்திரையிலே நீச்சல் கத்துக்கிடணும்," என்றாள் பெண், நம் யோசனையைப் படித்தவள் போல. "நீங்களும்தான்."

மூக்குக்கண்ணாடி ஒரு பாறை இடுக்கில் உடையாமல் அகப்பட்டது. துண்டை எடுக்கவில்லை. ஆற்றில் துணி விடக்கூடாது என்று காலையில் அவ்வளவு தீவிரமாக எண்ணிய குடும்பம், மாலையில் ஒரு துண்டை விட்டுவிட்டு வந்தது. தாமிரபருணி மன்னிக்க வேண்டும்.

இறங்கும்போது படிகளை யாரும் எண்ணவில்லை. அருவியில் குளித்தோம். சகதர்மிணி பெண்ணின் கையை விடவே இல்லை. "கையை விடுங்கம்மா, முதுகு தேய்க்கணும்," என்று அவள் கெஞ்ச வேண்டியிருந்தது. பொதிகைத் தண்ணீர் தலையில் விழுந்தபோது காலையிலிருந்த களைப்பும் மத்தியானத்து நடுக்கமும் கரைந்தன. இந்தத் தண்ணீர்தான் மேலே கறுப்பாகக் கிடந்தது. இதுவேதான் இங்கே வெள்ளையாக விழுந்து உடம்பைத் தேற்றியது. நாளைக் காலையில் நம் வீட்டுக் குழாயில் சொட்டப் போவதும் இதுதான்.

திரும்பும் ரயில் சேரன்மாதேவியை அடைந்தபோது விளக்கு வைக்கும் நேரம். பையன் பாட்டி மடியில் தூங்கிவிட்டான். பெண் பிளாட்பாரத்தின் பெயர்ப் பலகையையே பார்த்துக் கொண்டிருந்தாள்.

"அப்பா, பரீட்சையிலே அவரைப் பத்திக் கேட்டா, பந்தி தப்புன்னும் எழுதலாம், மகளுக்காகக் குதிச்சாருன்னும் எழுதலாம். ரெண்டும் எழுதலாம்லா?"

"இரண்டும் எழுதினால்தான் முழு மார்க்கு," என்றோம்.

நிற்க. இந்தக் கட்டுரை இத்துடன் முடிந்திருந்தால், இதையும் ஒரு நல்ல வாக்கியத்தோடு நிறுத்தியிருப்போம். ஆனால் சித்திரை வந்தது. பெண் மறக்கவில்லை. திருநெல்வேலியில் ஆறு கோடையில் தணிந்து, இடுப்பளவு தண்ணீராய் ஓடும் குறுக்குத்துறைப் பக்கம் ஒரு பெரியவர் இருக்கிறார். எத்தனையோ பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்கியவர். ஞாயிறுதோறும் காலை ஆறு மணிக்கு அவரிடம் போகிறோம். பையனுக்கு இடுப்பில் சுரைக்குடுக்கை கட்டிவிட்டார். மூன்றாம் வாரமே அதை அவிழ்த்து எறிந்துவிட்டான். பெண் அக்கரைத் திசையில் இருபது கை வீசிப் போய்த் திரும்புகிறாள்.

நமக்குத்தான் இன்னும் குடுக்கை கழலவில்லை. சென்ற வாரம் படித்துறையில் நம் பள்ளி மாணவர் இருவர் நின்று, தண்ணீரில் சுரைக்குடுக்கையோடு தத்தளிக்கும் தங்கள் சரித்திர உபாத்தியாயரைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெரியவர் அவர்களைப் பார்த்து, "என்னலே சிரிப்பு? உங்களுக்குத் தெரியுமா?" என்று அதட்டினார். தெரியாது என்று தலையசைத்தார்கள்.

"அப்ப இறங்குங்கலே," என்றார்.

இந்த வாரம் அவர்களும் வருகிறார்கள்.